நல்லூர் புளியந்தோப்பும் எங்கள் கருப்பனும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூருப் பக்கம் தேவனஹள்ளி அருகே உள்ள நல்லூர் புளியந்தோப்புக்குள் நாய்களையே விடக்கூடாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடிகாலையில் அங்கே நாயோடு நடக்கிறவன் நான். கருப்பன் நாட்டு நாய், நான்கு வயது. அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ள வைத்ததும் கருப்பன்தான்.

போன மாதம் ஒரு நாள், ஆள் நடமாட்டம்தான் இல்லையே என்று கயிற்றைக் கழற்றி விட்டேன். அங்குள்ள கிழட்டு மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடிமரம் பிழிந்த வேட்டி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும், சிலவற்றில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குப் பொந்து. அப்படி ஒன்றுக்குள் தலையை விட்டுக் குரைத்தான். மேலே இருந்த ஓட்டையிலிருந்து புள்ளி ஆந்தை ஒன்று விருட்டென்று வெளியே வந்தது. வெளிச்சத்தில் ஆந்தை வந்தால் காக்கைகள் சும்மா விடுமா? மரத்துக்கு மரம் துரத்தின. நான் கைதட்டி விரட்டிப் பார்த்தேன், பலனில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன். ஆந்தை திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து கயிறு என் கையை விட்டு இறங்குவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அமர்ந்த உறங்காப்புளியைக் கோயிலே பொத்திக் காக்கிறது. அது ஒரே மரம். இங்கே 54 ஏக்கரில் 300 மரங்களுக்குக் கிட்ட நிற்கின்றன. சிலவற்றுக்கு 400 வயதுக்கு மேல் என்கிறார்கள். 2007-ல் நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது அரிய உயிர்வளத்துக்காகச் சட்டப்படி காக்கவேண்டிய இடமாக, அறிவித்ததும் இந்தத் தோப்பைத்தான். (புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று எங்கள் பாட்டி சொல்வாள். அந்தப் பயத்தில் வெட்டாமல் விட்டவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு கும்பிடு. எங்கள் பக்கம் எத்தனையோ புளியமரம் கறிக்கடை வெட்டுக்கட்டையாகத்தான் முடிந்தது.)

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன். ஆந்தை சமாசாரம் நடந்த இரண்டாம் வாரம், கயிற்றில்தான் வந்துகொண்டிருந்தான், முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். பாதத்தில் பழுப்பு பாட்டில் கண்ணாடி. மூன்று தையல். அந்த பாட்டிலை எந்த நாயும் வாங்கி வந்து குடித்து உடைக்கவில்லை.

ஆகவே என் யோசனை: கயிறு இல்லாத நாய்க்கு அனுமதி வேண்டாம், வேர்மேல் மிதிக்காமல் நடக்க, கல் பதித்து ஒற்றையடிப் பாதை காட்டட்டும், இருட்டும் நேரத்துக்கு ஒரு காவலாளைப் போடட்டும். காலையில் வருகிற எங்களைவிட அந்த நேரத்தில் வருகிறவர்களைக் கவனிப்பது அவசரம்.

கருப்பனுக்குத் தையல் பிரித்தாயிற்று. அந்தப் பொந்து மரம் வரும்போது மட்டும் நாங்கள் இருவரும் சுற்றிக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
தேவனஹள்ளி