ஐந்து பிரதிகளும் மூன்று முத்திரைகளும்: நூல் விருதுத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். என் நாவலின் ஐந்து பிரதிகள் மூன்றாவது முறையாக என்னிடமே திரும்பி வந்துள்ளன. பின்னணி முழுவதும் உங்கள் கோப்பில் இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். நாவல் பிரிவினர், "வருங்காலக் கருவிகள் இடம்பெறும் அறிவியல் புனைகதை, அறிவியல் நூல் பிரிவுக்கு அனுப்பவும்" என்று எழுதினார்கள். அறிவியல் பிரிவினர், "கற்பனை நூல், ஆதாரப் பட்டியல் இல்லை" என்றார்கள். அவர்கள் கைகாட்டிய சிறுவர் இலக்கியப் பிரிவோ, கதையில் வரும் சாவுகள் குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல என்று சொல்லிவிட்டது. நான்கு மாதங்களில் மூன்று கடிதங்கள். ஒவ்வொரு பிரதியின் முதல் பக்கத்திலும் மூன்று பிரிவுகளின் வரவு முத்திரைகள் இருக்கின்றன. உள்ளே ஒரு பக்கத்தில்கூட யாரும் புரட்டிய மடிப்பு இல்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

வேதாரண்யத்து உப்பளம் ஒன்றைக் கடல் கொண்டுபோகும் காலத்தில் நடக்கும் கதை அது. எந்த வீட்டை எந்த நாளில் காலி செய்ய வேண்டும் என்று ஒரு கருவி முன்கூட்டியே சொல்கிறது. நாற்பது ஆண்டுகள் உப்பு வாரிய ஒரு பெண், அந்தக் கருவி சொல்வது சரி என்று தெரிந்தும் நகர மறுக்கிறாள். அந்தப் பெண்ணை நான் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. பாத்திகளில் நின்று பாதம் வெடித்த என் அம்மாவிடமிருந்து எடுத்தேன். அவளுடைய பிடிவாதம் நாவலுக்கு உரியது இல்லையென்றால், நாவலுக்கு உரியது எது? இதைத்தான் கேட்கிறேன். உங்கள் வரையறையை எழுத்தில் வெளியிடுங்கள்.

கருவி வந்தால் இலக்கியம் வெளியேறிவிடும் என்ற அளவுகோல் நம் மரபில் இல்லை. தொல்காப்பியம் அகப்பாடலை முதல், கரு, உரி என்று பகுத்தது. நிலமும் பொழுதும் முதல். மரமும் பறவையும் உணவும் பறையும் கரு. மனிதர் மனத்தில் நிகழ்வது உரி. ஒரு நிலத்துப் பூவோ பறவையோ வேறொரு நிலத்துப் பாட்டில் வந்துவிட்டால், வந்த நிலத்துக்கே அது உரியதாகும் என்றும் அதே நூல் இடம் கொடுத்தது. என் கதையின் நிலம் நெய்தல், உரி இரங்கல். அந்தக் கருவி கருப்பொருள்களில் ஒன்று, அவ்வளவுதான். பூவைப் பார்த்துத் திணையை முடிவு செய்ய வேண்டாம் என்று நம் முன்னோர் அறிந்திருந்ததை, கருவியைப் பார்த்து வகையை முடிவு செய்யும் நீங்கள் எப்படி மறந்தீர்கள்?

மேற்கிலும் அறிவியல் புனைகதையின் வரையறை ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. 1926இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக், கதையோடு அறிவியல் உண்மையும் வருங்காலப் பார்வையும் கலந்திருக்க வேண்டும் என்றார். 1970களில் தார்கோ சுவின் என்ற ஆய்வாளர், பழகிய உலகை அந்நியமாக்கி, அறிவின் துணையோடு அதைத் திரும்பப் பார்க்க வைக்கும் எழுத்து என்றார். 1818இல் வெளிவந்த ஃபிராங்கன்ஸ்டைன் நாவலில், உடலுக்கு உயிர் வந்த விதத்தைச் சொல்ல நாயகன் மறுத்தே விடுகிறான். படைத்தவன் தன் படைப்பைக் கைவிட்டதுதான் அங்கே கேள்வி. அந்த நாவலிடமும் ஆதாரப் பட்டியல் கேட்பீர்களா?

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். 1905இல், இதே சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் ஆங்கில இதழில்தான் வங்கத்து எழுத்தாளர் ரொகேயாவின் 'சுல்தானாவின் கனவு' என்ற கதை வெளியானது. அங்கே பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்துப் படையை விரட்டுகிறார்கள். மேகத்திலிருந்து நேரே நீரை இறக்குகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். எந்திரங்களை எண்ணிக் கொண்டிருப்பவருக்கு, அது பெண்களைப் பூட்டி வைத்த சமூகத்தைப் பற்றிய கதை என்பது கடைசி வரை புலப்படாது.

நூலகங்களிலும் இதே குழப்பம்தான். என் ஊர் நூலகத்தில் இந்த நாவலை இயற்பியல் பாடநூல்களுக்கு நடுவே கண்டெடுத்தேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறைப்படி, எதைப் பற்றிப் பேசினாலும் நாவல் இலக்கியத்துக்குரிய 800 எண்களில்தான் நிற்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்று 1931இலேயே விதி எழுதிய நூலகவியல் அறிஞர் சீர்காழி அரங்கநாதன் பிறந்த மண் இது. தேர்வு எழுதும் மாணவர் கையில் என் உப்பளத்துக் கிழவி அகப்பட்டு என்ன பயன்? அவளைத் தேடி வருபவர் கதை அடுக்கில் அல்லவா தேடுவார்? அறிவியல் புனைகதை என்றதும் "இதில் அறிவியல் எவ்வளவு?" என்று கேட்கும் விமர்சகர்கள், "அப்படியானால் பிள்ளைகளுக்கா?" என்று கேட்கும் பதிப்பகங்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் அவற்றையெல்லாம் சரிசெய்ய உங்களைக் கேட்பது முறையல்ல.

உங்களிடம் நான் கேட்பது விருது அல்ல. படித்துப் பார்த்து, மொழி தட்டை, பாத்திரம் நிற்கவில்லை, முடிவு பலவீனம் என்று நிராகரியுங்கள், தலைவணங்கி ஏற்பேன். படிக்காமல் வேறு பிரிவுக்குத் தள்ளாதீர்கள். நாவல் என்று நீங்கள் எதைக் கொள்கிறீர்கள், அறிவியல் புனைகதை எந்தக் காரணத்தால் அதற்கு வெளியே போகிறது என்பதை அடுத்த அறிவிப்போடு எழுத்தில் வெளியிடுங்கள். அப்படி ஒரு வரையறை இல்லையென்றால், இந்த ஐந்து பிரதிகளையும் நாவல் பிரிவிலேயே ஏற்றுக்கொள்ளும்படிப் பணிவுடன் வேண்டுகிறேன். மீண்டும் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு வரி எழுதினால் மறுநாளே அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும் நாவலாசிரியர்