சார்ட்டர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்: வலது இருக்கையையும் கணக்கில் சேருங்கள்

அமெரிக்காவில் பார்ட் 135 விதிகளின் கீழ் சிறு விமானங்களை வாடகைக்கு இயக்கும் நிறுவன உரிமையாளர்களுக்கும் தலைமை விமானிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவர் வெளியிட்ட வேலை விளம்பரம்தான் இந்த மடலை எழுத வைத்தது. புதிதாக உரிமம் பெற்ற விமானிகளும் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் தலைப்பு. கீழே தகுதி: குறைந்தது 1,000 மணி நேரப் பறப்பு, அதில் 250 மணி இரட்டை எஞ்சினில். வணிக உரிமம் வாங்குகிறவரிடம் 250 மணி சொச்சம்தான் இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்களும் ஒரு காலத்தில் அந்த 250-இல் நின்றவர்கள்தான். மரியாதைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். "1,000 மணி ஆனதும் வாருங்கள்" என்று பதில் வந்தது. அந்த 1,000 எங்கிருந்து வரும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சிறு ஊர்களைப் பெரிய நகரங்களோடு இணைக்கும் ரீஜனல் ஏர்லைன்ஸுக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே வேலை மோசம் என்று நான் சொல்லவில்லை. 2022-இல் சம்பளத்தையும் நன்றாகவே ஏற்றினார்கள். ஆனால் சீனியாரிட்டி பட்டியலில் கடைசிப் பெயராக, அழைத்தால் போக வேண்டிய ரிசர்வ் நாட்களில் போனையே பார்த்துக்கொண்டு, வேறொரு மாநிலத்தில் பணி தொடங்கும் பேஸுக்குப் போகக் காலி இருக்கை கிடைக்குமா என்று கேட்டில் நிற்கிற வாழ்க்கையில் எனக்கு ஆசையில்லை. எனக்குப் பிடித்தது சின்ன விமானமும் சின்ன ஓடுபாதையும். இந்த நாட்டில் பொதுப் பயன்பாட்டுக்குச் சுமார் 5,000 விமான நிலையங்கள் இருக்கின்றன. ஏர்லைன்ஸ் எட்டிப் பார்ப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான். மற்றதெல்லாம் உங்கள் ராஜ்ஜியம். அங்கேயே வேலை செய்து அங்கேயே ஓய்வு பெற நினைக்கிற ஆட்கள் நாங்கள். இளைஞர்கள் இரண்டே வருடத்தில் ஏர்லைன்ஸுக்கு ஓடிவிடுகிறார்கள் என்று நீங்கள் புலம்புவதையும் கேட்டிருக்கிறோம். ஓட விரும்பாதவர்கள் வாசலில் நிற்கும்போது கதவைத் திறக்காமல் இருப்பது ஏன் என்பதுதான் புரியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

சில மாதங்கள் ஒரு நிறுவனத்தின் கிங் ஏர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில், துணை விமானிக்கான வலது இருக்கையில் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம், உங்களில் பல இடங்களில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. விடிவதற்கு முன்பே போய், ஐஸ் பெட்டியை நிரப்பி, காபி ஊற்றி வைத்து, இருக்கை பெல்ட்டுகளை ஒழுங்காக மடித்து வைப்பேன். பயணிகள் வந்ததும் பைகளைப் பின்னால் ஏற்றி, கதவுப் பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டு முன்னால் போய் உட்காருவேன். வெள்ளைச் சட்டை, தோளில் மூன்று பட்டை. ஏறும்போது ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "நல்லது, இரண்டு பேர் இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

சட்டத்தின் கணக்கில் அங்கே இருந்தது ஒரு விமானிதான். அந்த விமானத்தை ஒருவரே ஓட்டலாம். பயணிகளோடு ஐ.எஃப்.ஆர். முறையில், அதாவது கருவிகளை நம்பிப் பறக்கும் விதிகளின்படி, பறக்கத் துணை விமானி வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஆனால் பயணி இருக்கைகள் ஒன்பதுக்கு மேல் போகாத விமானத்தில் அங்கீகரிக்கப்பட்ட ஆட்டோபைலட் வேலை செய்து, நிறுவனத்துக்கும் அனுமதி இருந்தால், அந்தத் துணை விமானி தேவையில்லை. அந்த இடத்தை ஆட்டோபைலட் எடுத்துக்கொள்ளும். (அதனிடம் எத்தனை மணி இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.) எனக்கு நிறுவனத்தின் பயிற்சியும் இல்லை, செக் ரைடு என்ற பறப்புத் தேர்வும் இல்லை. அதனால் பயணிகள் இருக்கும்வரை கை மடியில்தான். செக்லிஸ்ட் வாசிக்கலாம், சார்ட் எடுத்துக் கொடுக்கலாம். மேகத்துக்குள் இறங்கி, பனி படிந்து, கேப்டன் வியர்த்து வேலை செய்த ஒரு மாலைப் பயணத்தில் என் கண் ஒரு கருவியையும் விடவில்லை. இரவு, பறந்த மணிகளைப் பதியும் லாக்புக்கைத் திறந்தபோது அந்தப் பயணத்துக்கு எழுத எதுவுமே இல்லை. பயணிகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மட்டும் அது பார்ட் 91, அதாவது வாடகைப் பயணமல்லாத பொதுவான பறப்பு விதிகளின் கீழ் வந்துவிடும். "இப்போ நீ எடு" என்பார் கேப்டன். அந்த நேரம் மட்டும் கணக்கில் ஏறும். காலி விமானம் எப்போது கிடைக்கும் என்று காத்திருந்து மணி சேர்த்தால் 1,000 எப்போது வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குச் சம்பளமும் கிடையாது. அனுபவம்தான் சம்பளம் என்றார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2018-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. சட்டப்படி இரண்டாவது விமானி தேவைப்படாத பயணங்களிலும், பார்ட் 135 நிறுவனம் ஒரு துணை விமானி மேம்பாட்டுத் திட்டத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டால், வலது இருக்கை நேரத்தை முறையாக லாக்புக்கில் எழுதலாம். பல எஞ்சின் விமானமாகவோ, ஒற்றை எஞ்சின் டர்பைன் விமானமாகவோ இருக்க வேண்டும். விமானத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டாவது விமானிக்கும் தனியாக இருக்க வேண்டும். துணை விமானிக்கு உங்கள் பயிற்சியும் தேர்வும் உண்டு. கேப்டன் உங்களிடம் குறைந்தது ஆறு மாதம் முழுத் தகுதியோடு இருந்து, வழிகாட்டும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். துணை விமானிக்கு விதி கேட்பது வணிக உரிமமும் கருவிப் பறப்புத் தகுதியும். 1,000 மணி என்ற எண் அந்த விதியில் எங்கேயும் இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். வலது இருக்கையில் ஏற்கெனவே உட்கார வைத்திருப்பவருக்குப் பயிற்சி கொடுங்கள், சம்பளம் கொடுங்கள், அவர் பறக்கும் நேரத்தைக் கணக்கில் சேருங்கள்.

காப்பீட்டு நிறுவனம் ஒத்துக்கொள்ளாது என்பது வழக்கமான பதில். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பிரீமியம் கட்டுவது நீங்கள். ஆனால் பாலிசியில் எழுதிய மணிக்கணக்குக்குள் வராத விமானியின் பெயரைத் தனியாக அனுப்பி ஒப்புதல் கேட்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அனுபவமுள்ள கேப்டன் பக்கத்தில் இருக்க, தேர்வு முடித்த ஒருவர் துணையாக வருகிறார் என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டு மறுத்தார்கள் என்றால் அது வேறு பேச்சு. பல இடங்களில் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

இன்னொரு சமாதானம், 1,500 மணி விதி. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் 2010-இல் சட்டம் வந்தது. 2013-இலிருந்து ஏர்லைன்ஸ் துணை விமானிக்கும் ஏ.டி.பி. என்ற உயர்நிலை விமானிச் சான்றிதழ் வேண்டும், பொதுவாக 1,500 மணி. கல்லூரி வழியாகவும் ராணுவம் வழியாகவும் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சலுகை. சரி, அது ஏர்லைன்ஸுக்கான விதி. உங்கள் துணை விமானிகளுக்கு அது இல்லை. அந்த விபத்தில் இருந்த இரண்டு விமானிகளுமே 2,000 மணிக்கு மேல் பறந்தவர்கள் என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். மணியை எண்ணுவது சுலபம் என்பதால் எல்லோரும் அதையே எண்ணுகிறோம்.

"பயிற்றுநர் ஆகிவிடேன்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் நிறைய. பாடம் நடத்துவதில் உண்மையான ஆசை உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும். எனக்குக் கிடைத்த நல்ல பயிற்றுநர் ஒருவர் இல்லையென்றால் இன்று நான் இல்லை. ஆனால் கற்பிக்க விருப்பமே இல்லாமல் மணி சேர்ப்பதற்காக மட்டும் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம்தான் அடுத்த தலைமுறை பறக்கக் கற்கிறது. மாணவர் தனியாகப் பறக்கத் தயாரா என்பதைவிடத் தன் லாக்புக்கில் இன்று எத்தனை ஏறியது என்பதில் அவருக்கு அக்கறை இருந்தால் யாரைக் குறை சொல்வது? மணி சேர்க்க வேறு வேலைகளைத் தேடினால், விமானத்தில் விளம்பரப் பேனர் இழுக்கும் வேலைக்கு அதற்கான பருவம் போனால் ஆளே தேவையில்லை. ஸ்கைடைவிங் விமானத்துக்கும் குழாய்ப்பாதை ரோந்துக்கும் போனால் அங்கேயும் காப்பீடு, அங்கேயும் மணிக்கணக்கு. விமானப் பள்ளிகளின் வண்ணக் கையேடுகளில் மட்டும் விமானிகளுக்குப் பஞ்சம் வந்துகொண்டே இருக்கிறது. எந்த ஊரில் அந்தப் பஞ்சம் என்று சொன்னால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். உங்களிடம் கேட்க வந்தது அதையல்ல.

எல்லா நிறுவனத்தாலும் இது முடியாது என்று தெரியும். ஒரே கேப்டனை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களிடம் நான் கேட்கவில்லை. நான்கைந்து கேப்டன்களும் இரண்டு மூன்று கிங் ஏர் அல்லது ஒற்றை எஞ்சின் டர்பைன் வகையான பி.சி.-12 விமானங்களும் வைத்திருப்பவர்கள், வலது இருக்கையில் இன்றும் யாரையோ சும்மா உட்கார வைத்திருப்பவர்கள், உங்களைத்தான் கேட்கிறேன். எஃப்.ஏ.ஏ. அலுவலகத்தில் உங்கள் சான்றிதழைக் கவனிக்கும் ஆய்வாளரிடம் இந்தத் திட்டத்தைப் பற்றி ஒருமுறை பேசுங்கள். காப்பீட்டுத் தரகருக்கு ஒரு கடிதம் போடுங்கள். இரண்டு வருடம் உங்களிடம் இருப்பேன் என்று எழுதிக் கேட்டாலும் நியாயமான நிபந்தனையோடு கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறோம்.

அதுவும் முடியாது என்றால், அடுத்த விளம்பரத்தில் இரண்டு வரி சேருங்கள்: துணை விமானித் திட்டம் உண்டா இல்லையா, வலது இருக்கை நேரம் லாக்புக்கில் ஏறுமா ஏறாதா. இல்லை என்று போட்டாலும் பரவாயில்லை, நாங்கள் வேறு கதவைத் தட்டிக்கொள்வோம். "புதியவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்ற தலைப்பை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
இன்னும் 1,000-ஐத் தொடாத ஒரு விமானி