டேஷ்போர்டை மட்டும் நம்ப வேண்டாம்

ஆசிரியருக்கு,

பழைய பிக்கப் டிரக் வாங்குவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓடும்போது டேஷ்போர்டில் ‘வி4’ (நான்கு சிலிண்டரில் மட்டும் ஓடுகிறது) என்று காட்டாவிட்டால், எரிபொருளை மிச்சப்படுத்தச் சில சிலிண்டர்களை நிறுத்தி ஓட்டும் வசதி அந்த இன்ஜினில் இல்லை என்கிறது கட்டுரை. அமெரிக்காவில் இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டுவதே என் பிழைப்பு. அதனால் ஒரு திருத்தம்.

வண்டியின் கோளாறைச் சோதிக்கும் ஓபிடி சாக்கெட்டில் விரல் நீளக் கருவி ஒன்றைச் செருகினால் போதும், வி8 இன்ஜின் எப்போதும் எட்டு சிலிண்டரிலேயே ஓடும். விற்பவர் கழற்ற மறந்திருப்பார், அல்லது மறந்ததுபோல் இருப்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஆனால் மென்பொருளில் அணைத்திருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே இன்ஜின் எது என்பதைப் பிடியுங்கள். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணின் 8-வது எழுத்து அதைச் சொல்லும். 2014 முதல் 2018 வரையான செவ்ரோலே சில்வராடோ 1500 பிக்கப் என்றால் தேடவே வேண்டாம்; 4.3, 5.3, 6.2 லிட்டர் மூன்றிலும் உண்டு. அதற்கு முந்தைய 4.8 லிட்டரில் கிடையாது. 2021-இல்தான் குழப்பம்: சிப் தட்டுப்பாட்டால் சில 5.3 லிட்டர் வண்டிகள் இந்த வசதி இல்லாமலே வெளிவந்தன. அங்கே ஆண்டையும் லிட்டரையும் வைத்து முடிவுகட்ட முடியாது. டீலரிடம் வின் எண்ணைக் கொடுத்து, வண்டி எப்படித் தயாரானது என்ற பட்டியலைக் கேளுங்கள்.

அப்புறம், வசதி இருக்கிறது என்று தெரிந்தால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டிக் டிக் சத்தம் அடங்காவிட்டால் லிஃப்டரை (இன்ஜின் வால்வைத் திறக்கத் தள்ளும் பாகம்) சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு டிரக் மெக்கானிக்