பைக் எஞ்சின் போட்ட காருக்கு எந்தப் புகை அளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாகனப் புகை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் கிட் கார்களைப் பற்றி, அதாவது பாகங்களை வாங்கி நாமே வீட்டில் கட்டிக்கொள்ளும் கார்களைப் பற்றி, ஒரே ஒரு வரி இருந்தது. பைக் எஞ்சினைப் போட்டுக்கொண்டு புகைப் பரிசோதனையிலிருந்து தப்பித்து ஓடுகிற வண்டிகளாம். படித்ததும் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தபோது நிருபரை மட்டும் குறை சொல்ல முடியாது என்று தோன்றியது, ஏனென்றால் பிரிட்டனில் இந்த விதிகள் கார் கட்டுகிற எங்களுக்கே சுலபத்தில் பிடிபடுவதில்லை. அதனால் என் அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

நான்கு குளிர்காலம் கராஜில் உட்கார்ந்து ஒரு கார் கட்டினேன். 1957ல் வந்த லோட்டஸ் செவன் மாதிரி, கூரை இல்லாமல் இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி. எஞ்சின் முதல் தலைமுறை சுஸுகி ஹயபுசா, 1299 சிசி, விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய ஒரு பைக்கிலிருந்து கழற்றியது. எடை குறைவு, கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டியே வந்துவிடும், நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று (ஆர்பிஎம்) வரை சுற்றும். இவ்வளவு லேசான வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் எனக்குத் தெரியாது.

சரி, தப்பிக்கும் கதைக்கு வருவோம். 1998 முதலே இங்கே கிட் கார் பதிவு ஆக வேண்டுமென்றால் தனி ஒப்புதல் சோதனை உண்டு. முதலில் எஸ்விஏ, 2009லிருந்து ஐவிஏ. பிரேக், விளக்கு, கூர்மையான விளிம்புகள் என்று பார்ப்பதோடு புகைக்குழாயில் கருவியை விட்டு வாயுவையும் அளக்கிறார்கள். எந்த அளவு பொருந்தும் என்பது எஞ்சின் எப்போது தயாரானது என்பதைப் பொறுத்தது, அதற்கான ஆதாரத்தைக் கட்டியவர்தான் கொண்டுவர வேண்டும், காகிதம் இல்லையென்றால் புதிய எஞ்சினாகவே கணக்கு. அப்புறம் மூன்று வருடம் ஆனதும் எம்ஓடி என்கிற வாகனத் தகுதிச் சோதனை, பிறகு வருடா வருடம். இதில் எங்கே தப்பிப்பது?

இன்னொன்றையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதே எஞ்சின் இதே ஊரில் ஒரு பைக்கில் இருந்தால் எம்ஓடியில் அதன் வாயுவை யாரும் அளப்பதே இல்லை. புகைக்குழாய் உறுதியாக இருக்கிறதா, சத்தம் அதிகமா என்று பார்ப்பதோடு சரி. நான்கு சக்கரத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்ததும் அதே எஞ்சினுக்குக் கார்களுக்கான அளவுகோல் வந்துவிடுகிறது.

அந்த அளவுகோல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 1986 ஆகஸ்ட் முதல் 1992 ஜூலை வரை சாலைக்கு வந்த பெட்ரோல் காருக்கு எம்ஓடியில் ஐடிலிங்கின்போது, அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை இருக்கலாம், எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன் 1200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1200 பங்கு) வரை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கருவி, வைத்த 2002க்குப் பிந்தைய காருக்குப் பொதுவான எல்லை, 2500 முதல் 3000 ஆர்பிஎம்மில், 0.2 சதவீதமும் 200 பிபிஎம்மும். அதோடு லாம்டா என்கிற காற்று எரிபொருள் விகிதம் (1 என்றால் சரியான கலவை, அதற்கு மேல் என்றால் காற்று அதிகம்) 0.97க்கும் 1.03க்கும் நடுவில் நிற்க வேண்டும். பழையதற்கும் புதியதற்கும் கார்பன் மோனாக்சைடில் மட்டுமே பதினேழு மடங்கு வித்தியாசம்.

பைக் எஞ்சின் இந்த இடத்தில் ஏன் தடுமாறுகிறது? அது உச்ச வேகத்துக்காகச் செய்த எஞ்சின். உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதில் அதிகம். 9000 ஆர்பிஎம்மில் அதனால் நன்மை, ஆனால் ஐடிலிங்கில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் நேராக வெளியே போய்விடும், ஹைட்ரோகார்பன் ஏறும். 3000 ஆர்பிஎம் என்பது குடும்பக் காருக்கு நெடுஞ்சாலை வேகம், இந்த எஞ்சினுக்கோ அது இன்னும் தூக்கக் கலக்கம். என்னுடையது போன்ற பழைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் ஆக்சிஜன் சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதித்து வைத்த கணக்குப்படிதான் பெட்ரோல் விழும், வெளியே என்ன வருகிறது என்று அதற்குத் தெரியாது.

என்னை நிஜமாகவே வருத்தப்பட வைத்தது லாம்டா. நான் சோதனைக்காக ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை, கைக்காசு போட்டு நல்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வாங்கிப் புகைக்குழாயில் பற்றவைத்தேன். ஹயபுசாவில் தயாரிப்பாளரே வைத்த ஒரு ஏற்பாடு உண்டு: வெளியேறும் வாயுவோடு கொஞ்சம் புதுக் காற்றைக் கலந்துவிடும் குழாய், மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி அங்கேயே எரிந்து தீரட்டும் என்பதற்காக. அந்தக் காற்றும் என் கன்வெர்ட்டரும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு 0.1, ஹைட்ரோகார்பன் 200க்கு வெகு கீழே. லாம்டா மட்டும் 1.08. தோல்வி. காரணம் எளிது, கருவி லாம்டாவை வெளியே வரும் வாயுக்களிலிருந்துதான் கணக்குப் போடுகிறது, கலந்துவிட்ட ஆக்சிஜனையும் சேர்த்தே எண்ணுகிறது. சோதனை செய்தவரிடம் விளக்கினேன், அவர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் அவர் கையில் இருக்கும் கணினியில் அப்படி ஒரு கட்டமே இல்லை. வீட்டுக்கு வந்து காற்றுக் குழாயை அடைத்தேன், பெட்ரோல் அளவைத் திருத்தினேன், மறுபடி போனேன், தேறிவிட்டது. முதல் நாள் 0.1 காட்டிய கார்பன் மோனாக்சைடு இப்போது 0.18. காற்றைச் சுத்தமாக்கும் குழாயை அடைத்ததால் என் வண்டி சட்டப்படி சுத்தமாகிவிட்டது. இதை எந்தப் பொறியாளரிடமும் சொல்லிப் பாருங்கள்.

லாம்டா எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூவழி கன்வெர்ட்டரில் ஆக்சிஜன் மிஞ்சினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையாது, புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் லாம்டாதான் காட்டிக்கொடுக்கும். காரணமுள்ள எல்லை அது. புதுக் காற்று கலக்கும் எஞ்சினுக்கு அதை எப்படி அளப்பது என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும், சோதனையின்போது மட்டும் குழாயைக் கிள்ளிப் பிடித்து ஒருமுறை, விட்டுவிட்டு ஒருமுறை என்று இரண்டு தடவை அளந்தால்கூடப் போதும்.

அதைவிடப் பெரிய கோளாறு, எஞ்சினின் வயதையே அளவுகோலாக வைப்பது. எஞ்சின் எவ்வளவு பழையதோ அவ்வளவு தளர்வான எல்லை என்றால், கட்டுகிறவர் என்ன செய்வார்? கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சினையும் அதன் தேதிக்கான காகிதத்தையும் தேடி அலைவார். அலைகிறார்கள், எனக்குத் தெரியும். பைக் எஞ்சின்கள் இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு மாறிவிட்டன என்றால், 1999ல் வந்த யூரோ 1 என்ற ஐரோப்பியப் புகைத் தரம் பெரிய பைக்குக்கு ஒரு கிலோமீட்டருக்கு 13 கிராம் கார்பன் மோனாக்சைடு வரை அனுமதித்தது, 2006ல் தொடங்கிய யூரோ 3 அதை 2 கிராமாக இறக்கியது. யூரோ 4, 5 என்று இன்னும் இறுகியிருக்கிறது. கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்த்தே வரும் இந்தப் புது எஞ்சின்களைப் போடத்தான் விதி ஆசை காட்ட வேண்டும். லண்டனில் இன்னொரு முரண்பாடு: யூலெஸ் என்ற, புகை அதிகமான வண்டிகளுக்குக் கட்டணம் போடும் பகுதியில் யூரோ 3 பைக் கட்டணமில்லாமல் போகலாம், பெட்ரோல் கார் என்றால் யூரோ 4 வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. யூரோ 3 பைக்கின் எஞ்சினை, கன்வெர்ட்டரை, கம்ப்யூட்டரை அப்படியே மாற்றிப் போட்டாலும் வண்டி கார் என்ற கணக்கில்தான் வரும்.

எண்ணிக்கை குறைவு, எங்களை விட்டுவிடுங்கள் என்று சிலர் வாதாடுகிறார்கள். அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. தெருவில் என் வண்டிக்குப் பின்னால் தள்ளுவண்டியில் போகிற குழந்தைக்கு என் ஒரு வண்டியின் புகையே போதும். எங்களை அளக்கட்டும், கடுமையாகவே அளக்கட்டும். ஆனால் பைக் எஞ்சின் எந்த யூரோ தரத்தில் ஒப்புதல் வாங்கியதோ அந்தத் தரத்தை வைத்து, அதற்கேற்ற ஆர்பிஎம்மில், எஞ்சினும் கன்வெர்ட்டரும் முழுச் சூடேறிய பிறகு அளக்கட்டும். அந்த அட்டவணையை எல்லாச் சோதனை நிலையத்துக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுக்கட்டும், இன்று ஒரு நிலையத்தில் தோற்ற வண்டி நாளை பக்கத்து நிலையத்தில் தேறுகிறது என்பது யாருக்கும் நல்லதில்லை.

உங்கள் நிருபர் விரும்பினால் என் அடுத்த எம்ஓடிக்கு என்னோடு வரட்டும். கருவியில் வரும் எண்களை அவரே குறித்துக்கொண்டு, அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்