அண்ணையின் காய்ச்சலும் என் சுண்டெலிக் கலங்களும்

வெள்ளவத்தை, கொழும்பு
ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

அண்ணை எலிக்காய்ச்சல் மாறி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. விதைப்புக்கு இறங்க முன்னம் நோய் வராமல் தடுக்கக் கொடுத்த டொக்சிசைக்கிளின் மாத்திரையை அலமாரிக்குள் வைத்துவிட்டு வயலுக்குப் போனாராமே! நல்ல ஆள்.

"இன்னமும் எலியோடதான் மல்லுக்கட்டுகிறாயா?" என்று கேட்டிருந்தாய். எலியோடு இல்லை, சுண்டெலியின் கலங்களோடு. எலும்பு மச்சையிலிருந்து எடுத்த மக்ரோபேஜ்களை, அதாவது கிருமிகளை விழுங்கும் கலங்களை, ஒரு வைரஸால் சாகாவரம் பெற வைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சுண்டெலியைக் கொல்லத் தேவையில்லை. ஒரு குழாயில் இருப்பது சாதாரணக் கலம். மற்றதில், கிருமியை அடையாளம் காண உதவும் டி.எல்.ஆர்.4 என்ற ஒரேயொரு ஜீனை மட்டும் நீக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கலங்கள் வந்து சேர்ந்த கதை பெரிய கதை. முதல் பொதி வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குப் போயா, அப்புறம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் உலர்பனி ஒரு துண்டுகூட இல்லை. குழாய்க்குள் இளஞ்சூட்டுத் தண்ணீர். யாரோடு சண்டை பிடிப்பது? திரும்பவும் கடிதம், திரும்பவும் காத்திருப்பு.

இரண்டாவது பொதி உறைந்தபடியே வந்தது. குழாயை 37 பாகை நீரில் பாதி அமிழ்த்திப் பிடித்து, உள்ளே அரிசிமணி அளவு பனி மிஞ்சும்போது எடுத்துவிட வேண்டும். சுணங்கினால் உறையும்போது காப்பாற்றிய டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவமே கலத்தைக் கொன்றுவிடும். மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஒட்டுப்புல் மாதிரித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு வகைக்கும் ஈ.கோலை பக்டீரியாவின் மேலுறையில் உள்ள எல்.பி.எஸ். என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருளைக் கொடுத்தேன். அடுத்த நாள் கிரீஸ் (Griess) என்ற நிறம் காட்டும் சோதனைக் கரைசலை விட்டதும் சாதாரணக் கலத்தின் கிண்ணம் ஜம்புப்பழ நிறமாகியது, கலம் தூண்டப்பட்டு நைத்திரிக் ஒட்சைட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றது வெறும் தண்ணீர் மாதிரியே நிறமில்லாமல் கிடந்தது. பாடப்புத்தகத்தில் உள்ள விசயம்தான், ஆனாலும் பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வகைச் சுண்டெலிக்கு இந்த டி.எல்.ஆர்.4 ஜீன் பிறப்பிலேயே பழுது, அதனால்தான் அது எல்.பி.எஸ்.ஸுக்கு அசையாது என்று 1998இல் கண்டுபிடித்த புரூஸ் பொய்ட்லருக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி அண்ணையின் விசயத்துக்கு வருகிறேன். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவின் எல்.பி.எஸ். கொஞ்சம் வித்தியாசமானது. சுண்டெலியின் டி.எல்.ஆர்.4 அதை அடையாளம் காணும், மனிதருடையது காணாது. சுண்டெலி கிருமியைச் சிறுநீரகத்தில் வைத்துக்கொண்டு சும்மா ஓடித்திரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே ஜீன் பழுதான சுண்டெலிகளுக்கு நோய் கடுமையாகவே வரும். ஆக, என் கிண்ணத்தில் தெரிவதை அப்படியே மனிதனுக்குச் சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் கோபம்.

இதோடு மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பக்டீரியாவின் பயம் வேறு. அது தொற்றினால் கலங்கள் நான் தூண்டாமலே தூண்டப்பட்டுவிடும், ஒரு முடிவையும் நம்ப முடியாது. மாதம் ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறேன்.

காலில் காயம் இருந்தால் அண்ணை வயலுக்கு இறங்கக் கூடாது, சொல்லிவிடு. அடுத்த மாதம் நீ வரும்போது அம்மாவிடம் கேட்டுப் புழுக்கொடியல் கொண்டு வா. காலி வீதியில் விற்பது வாயில் வைக்க முடியாது.

உன்,
பழைய வாங்குத் தோழன்