குன்னூர் நாடகமும் பெரியப்பாவின் டார்ச்சும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குன்னூரில் பிள்ளைகள் போட்ட நாடகத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தொழுநோய் என்று சொல்லி ஹவாயின் மொலோகாய் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட ஒரு பையனும் பெண்ணும் காதலிக்கிற கதை. "எங்கோ நடந்த பழங்கதை, நமக்கு ஒட்டவில்லை" என்று விமர்சனத்தை முடித்திருந்தது எனக்கு மனசே ஆறவில்லை.

நானும் போயிருந்தேன். கோத்தகிரிக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், அந்த லாந்தர் காட்சி வந்ததும் பஸ்ஸையே மறந்துவிட்டேன். பையன் அவள் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, முள் ஏறியிருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்க்கிறான். வசனமே கிடையாது. என் பெரியம்மாவுக்கும் இந்த நோய் வந்து குணமானது, ஆனால் கையில் உணர்ச்சி திரும்பவில்லை. அடுப்பிலிருந்து குண்டானைத் துணி பிடிக்காமல் இறக்கிவிடுவார், தோல் வெந்தது தெரியாது. எஸ்டேட் லைன் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா டார்ச் அடித்து அவர் கை, கால் எல்லாம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணுமில்ல, படு" என்பார். அப்படி ஒரு நாள் தவறியதாக எனக்கு நினைவில்லை.

மொலோகாயில் மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் செங்குத்து மலையுமாக இருந்த இடத்துக்கு 1866 முதல் சுமார் 8,000 பேரை அனுப்பினார்கள். அங்கேயும் கல்யாணம் நடந்தது, பிறந்த குழந்தையைத்தான் பெற்றவர்களிடம் விடவில்லை. 1940களில் மருந்து வந்த பிறகும் 1969 வரை நோயாளிகளை இப்படி ஒதுக்கி வைக்கும் சட்டம் இருந்தது.

சரி, நம் ஊரில் மட்டும் என்ன? கணவனுக்கோ மனைவிக்கோ 'குணமாகாத, கடுமையான' தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்று 1955 இந்து திருமணச் சட்டத்தில் இருந்தது. 1980களிலேயே கூட்டு மருந்து வந்துவிட்டது, ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணம், அதுவும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அப்படியிருந்தும் அந்த வரியை 2019இல்தான் எடுத்தார்கள். "சட்டமே இடம் கொடுக்குதே, இன்னொருத்தியைக் கட்டிக்கோ" என்று பெரியப்பாவிடம் சொந்தக்காரர்களே வந்து சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அப்புறம் எப்படி ஐயா இது நமக்கு ஒட்டாத கதை?

அந்தப் பிள்ளைகளைக் கோத்தகிரியிலும் ஒரு நாள், பகலில், இதைப் போடச் சொல்லுங்கள். பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியப்பாவைக் கூட்டிவர வேண்டும், அவரால் இப்போது ராத்திரியில் பஸ் ஏற முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி