கைதி ஓடிட்டா காவல் நின்ன மாத்தா (போலீஸ்காரர்) மட்டும்தான் பதில் சொல்லணுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

"காவலில் இருந்த கைதி தப்பி ஓட்டம்"னு உங்க பத்திரிகையில நியூஸ் வந்தாலே அன்னைக்கு பூரா எனக்கு மனசு சரியா இருக்காது. செய்திக்கு அடியில ஒரு வரி இருக்கும், பணியில இருந்த காவலர் மேல விசாரணை நடக்குதுன்னு, அதோட சரி. ஓடினவன பிடிச்சா திரும்ப படத்தோட வரும், அந்த காவலரு என்ன ஆனாருன்னு எங்கயும் வராது. பினாங்கு ஆயர் ஈத்தாம்ல எங்க வீட்டுக்கிட்ட இருக்கிற ஒட்டுக்கடையில காலையில தே தாரேக் குடிச்சிக்கிட்டே பேசுவாங்க, "காசு வாங்கிட்டு விட்டிருப்பான், இவனையும் உள்ள தள்ளணும்"னு. கேட்டுக்கிட்டு நான் ரொட்டிய வாங்கிட்டு வந்திடுவேன். இன்னைக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எங்கப்பா மாத்தாவா இருந்தவரு. 1986ல எனக்கு 11 வயசு. ரிமாண்ட்ல இருந்த ஒரு ஆள் வயித்து வலின்னு ஆஸ்பத்திரியில சேர்ந்திருந்தான், அவனுக்கு காவலா அப்பாவையும் இன்னொருத்தரையும் போட்டிருந்தாங்க. மத்தியானம் ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு, வேற வேலைக்கு ஆள் பத்தலன்னு கூட இருந்தவர கூப்பிட்டுக்கிட்டாங்க. அப்பா தனியா. அவன் டாய்லெட் போகணும்னு சொல்ல, அப்பா கைவிலங்க கழட்டி விட்டுட்டு கதவுக்கு வெளிய நின்னாரு. உள்ள தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்.

நானும் அம்மாவும் சாப்பாடு கொண்டு போனப்ப ஒரே கூட்டம். டாய்லெட் கதவு திறந்து கிடந்துச்சு. நாக்கோ ஜன்னல்ல, அதான் கண்ணாடித் தகடு வரிசையா சொருகின ஜன்னல், கண்ணாடிய ஒவ்வொண்ணா உருவி, சின்ன சத்தம் கூட வராம, தண்ணி தொட்டி மேல அடுக்கி வச்சிருந்தான், ஆறு கண்ணாடி. பைப்பு இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஜன்னலுக்கு கம்பி கிடையாது. விலங்கு சாவிய அப்பா ஷூ லேஸ்ல கோத்து கழுத்துல மாட்டியிருப்பாரு, அத கையில புடிச்சிக்கிட்டு சுவத்துல சாஞ்சி நின்னாரு. எங்கள பாத்தும் ஒண்ணும் பேசல.

நாலு நாள்ல அவன பிடிச்சிட்டாங்க. ஆனா அப்பாவோட விசாரணை ரெண்டு வருஷம் இழுத்துச்சு. கோர்ட்டுக்கு போகல, சம்பள உயர்வு போச்சு, வேற ஊருக்கு மாத்தினாங்க. ரிப்போர்ட்ல ரெண்டு பேர் காவல்னுதான் இருந்துச்சாம், ஒருத்தர போன் போட்டு கூப்பிட்டது யாருன்னு ஒரு வார்த்தை இல்ல.

அப்பா இறந்து போன பிறகுதான் இந்த சட்டத்த நானே தேடி படிச்சேன். நம்ம மலேசிய நாட்டு தண்டனைச் சட்டத்துல 223வது பிரிவு. காவல்ல வச்சிருக்க வேண்டிய பொறுப்புள்ள அரசாங்க ஊழியர், கவனக்குறைவால ஒரு ஆள தப்ப விட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி அபராதம், இல்லாட்டி ரெண்டும். குற்றம் சாட்டப்பட்டவனா இருந்தாலும் சரி, தண்டனை வாங்கினவனா இருந்தாலும் சரி. இதுல ஒரு விஷயம் என்னன்னா, 224வது பிரிவுல ஓடினவனுக்கும் அதே ரெண்டு வருஷம்தான் உச்சம். வேணும்னே விடறது தனி, அது 221, 222ல வரும், தண்டனையும் இன்னும் கடுமை. ஒட்டுக்கடையில பேசற காசு கதை எல்லாம் அந்த பக்கம் சேர்ந்தது, கவனக்குறைவோட அத போட்டு குழப்பக்கூடாது.

இந்த சட்டம் வெள்ளக்காரன் 1860ல இந்தியாவுக்கு எழுதினது, 1872ல நம்ம பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கும் வந்துச்சு, 223ங்கற நம்பர் கூட மாறாம. அதுல முக்கியமான சொல்லே கவனக்குறைவுதான். ஆள் ஓடிட்டான்ங்கறதுக்காகவே காவலர் குற்றவாளி ஆகிட மாட்டாரு, அவரோட அலட்சியத்தாலதான் ஓடினான்னு நிரூபிக்கணும். அப்பா மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல வரல. கதவ சாத்த விட்டது தப்பு, ஜன்னல பாக்காதது தப்பு, அவரே என்கிட்ட ஒத்துக்கிட்டாரு. ஆனா ரெண்டு பேர் நிக்க வேண்டிய இடத்துல ஒருத்தர நிக்க வச்சது யாரோட அலட்சியம்? கம்பி இல்லாத ஜன்னல் உள்ள டாய்லெட்டுக்கு கைதிய கூட்டிட்டு போற மாதிரி ஏற்பாடு பண்ணது யாரு?

2008 பிப்ரவரி 27ல சிங்கப்பூர் விட்லி ரோடு தடுப்பு முகாம்ல இருந்து, தீவிரவாதின்னு அடைச்சி வச்சிருந்த மாஸ் செலாமாட் தப்பிச்சது ஞாபகம் இருக்கும். அதுவும் டாய்லெட் ஜன்னல்தான், கம்பி போடாத ஜன்னல். ஒரு வருஷம் கழிச்சி ஜொகூர்லதான் பிடிபட்டான். அங்க விசாரணைக் குழு காவல் நின்னவங்கள மட்டும் சொல்லாம ஜன்னலையும் வேலியையும் சேர்த்தே காரணம்னு சொன்னுச்சு. அந்த நியூஸ அப்பா படிச்சிட்டு பேப்பர மடிச்சி வச்சாரு, அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

இன்னொண்ணும் சொல்லணும். ஓடினவன் போற வழியில ஒருத்தரோட காரை திருடினா, யாரையாவது அடிச்சிட்டா, அந்த நஷ்டத்துக்கு யாரு பொறுப்பு? 1962ல இங்கிலாந்துல ஒரு தீவுக்கு வேலைக்கு கூட்டிட்டு போன சீர்திருத்தப் பள்ளி பசங்க ஏழு பேர் ராத்திரி தப்பிச்சி, ஒரு படகுல ஏறி, பக்கத்துல நின்ன இன்னொரு படகு மேல மோதிட்டாங்க. பாக்க வேண்டிய மூணு ஆபீசருங்களும் போய் படுத்துட்டாங்கன்னு படகு முதலாளி அரசாங்கத்து மேலயே கேஸ் போட்டாரு. டோர்செட் யாட் வழக்குன்னு சொல்வாங்க. அந்த நஷ்டம் வராம பாத்துக்க வேண்டிய பொறுப்பு காவல் வச்சவங்களுக்கு உண்டுன்னு 1970ல அங்க உச்ச மன்றம் சொல்லிடுச்சு. நம்ம நாட்டுலயும் ஊழியர் வேலையில பண்ற தப்புக்கு அரசாங்கம் மேல வழக்கு போட 1956ம் வருஷ சட்டம் ஒண்ணு இருக்கு. பாதிக்கப்பட்ட எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதனால ஆசிரியர் ஐயாகிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இப்படி ஒரு செய்தி வந்தா உங்க நிருபர் கூட மூணு கேள்வி கேக்கட்டும். அன்னைக்கு டூட்டி லிஸ்ட்ல எத்தனை பேர், நின்னது எத்தனை பேர், குறைஞ்ச ஆள கூப்பிட்டது யாரு? ஆறு மாசம் கழிச்சி விசாரணை எப்படி முடிஞ்சுதுன்னு மறக்காம போன் போட்டு கேட்டு, ஒரு மூலையில சின்னதா போட்டா கூட போதும். அந்த வீட்டுல ஒரு 11 வயசு பிள்ளை அத தேடிக்கிட்டு இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மாத்தாவோட மகள்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு